ஆறு மாதத்தில் மக்கும் பை

காலை ஆறு நாற்பதுக்கு மண்வெட்டியை எடுத்தேன். ஆறு நாற்பத்தைந்துக்கு என் புத்திசாலித்தனம் வெளியே வந்துவிட்டது. படித்தவன் முட்டாள்தனத்தைக்கூடத் திட்டம் போட்டுத்தான் செய்வான்.

ராசிபுரத்தில் என் மகள் பேக்கரி வைத்திருக்கிறாள். 'ஆறு மாதத்தில் மக்கும்' என்று பச்சை இலை அச்சடித்த பைகளைச் சேலத்து மொத்தக் கடையில் வாங்கச் சொன்னவன் நான். (பூமியைக் காப்பாற்றுகிறேனாம்!) சோதனைக்கு வந்த அதிகாரிகள், சுத்தப் பிளாஸ்டிக் என்று சொல்லிப் பேக்கரிக்குச் சீல் வைத்தார்கள். சீலைப் பிறகு எடுத்துவிட்டார்கள். 'பிளாஸ்டிக் பேக்கரி' என்ற பெயர்தான் போகவில்லை. அந்தப் பெயரைத் துடைக்க, மகள் நாமக்கல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாள். "ரசீதின் நகல் போலி, அசலைக் காட்டட்டும்" என்று பதில் போட்டார் மொத்தக் கடைக்காரர்.

நான் சிரித்தேன். அசல் என் பொறுப்பில் இருந்தது. பை மக்காது என்று நிரூபிக்க, வெண்ணந்தூர் வீட்டுப் பப்பாளி மரத்தடியில் ஒரு பையைப் புதைத்திருந்தேன். வாங்கிய தேதியும் தெரியவேண்டுமே என்று, ரசீதையும் குண்டூசியால் அதிலேயே குத்தி வைத்திருந்தேன். ஏழு மாதம் தண்ணீர் வேறு ஊற்றினேன்.

விசாரணையன்று தோண்டினால், பையில் இருந்த பச்சை இலைகூட வாடவில்லை. ரசீது இருந்த இடத்தில் துருப்பிடித்த குண்டூசி.

"ஏனுங்க, மத்தவங்கெல்லாம் பீரோவுல வெப்பாங்க. நீங்க நட்டு வெச்சீங்களாக்கும்?" என்றாள் மனைவி. "இன்னும் ரெண்டு நாள் தண்ணி ஊத்துங்க, மொளைக்கும்."

(இன்றும் எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்தையும் என் கையில் தருவதில்லை. "அப்பா நட்டுருவாரு!")

ஆணையத்து வாசலில் மகளிடம் குண்டூசியைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இத வெச்சாப்பா எங்கடைப் பேர மீட்கறது?"

"சாமி, நான் வேணும்னா உள்ள வந்து..."

"வாங்க. வாய மட்டும் தொறக்காதீங்க."

உள்ளே மகள் பையை மேசையில் வைத்ததும் எதிர்த்தரப்பு வக்கீல், "அசல் இல்லை. இது யார் விற்ற பையோ!" என்று கையை விரித்தார்.

அப்போதுதான் மொத்தக் கடைக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். விசாரித்த அம்மையார் பையைத் தூக்கிக் காட்டினார்.

"ஏழு மாதம் மண்ணில் கிடந்ததாம். உங்கள் பையா?"

வக்கீல் கண்ணைக் காட்டுவதற்குள் அவர் பையை வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம சரக்கேதானுங்கம்மா! பாருங்க, ஏழு மாசத்துல ஒரு கீறல் உழுகல!"