கோல் போட்டால் கோபிக்கும் ஹர்த்தால்

தன்னுடைய அணி கோல் போட்டால் கோபித்துக்கொள்ளும் கோச் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஹர்த்தால். "எல்லாரும் கட்டிப்பிடிச்சுக் குதிக்கிறியள், பின்னுக்கு ஆரடா நிக்கிறது?" என்று கத்துவார். உண்மையில் ஒருவரும் நிற்பதில்லை.

ஆள் போர்த்துக்கல்காரர். அந்த நாட்டின் சின்னச் சின்னக் கழகங்களில் தலை நரைக்கும்வரை பின்வரிசையில் ஆடிவிட்டு, மகளோடு மெல்பனுக்கு வந்து சேர்ந்தவர். ஆடிய காலம் முழுவதிலும் போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் சொந்தப் பக்கத்துக்கு. "ஆனா நல்ல கோல்" என்பார். வெட்கம் மருந்துக்கும் கிடையாது. அவருடைய உடைந்த இங்கிலீஷை நான் எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

தொண்ணூறுகளில் ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு பூங்காவில் ஞாயிறுதோறும் பந்தடிப்போம். டாக்ஸி ஓட்டுகிறவன், கணக்காளன், பேக்கரிக்காரன் எல்லோருக்கும் முன்னுக்குத்தான் விளையாட வேண்டும். நாயோடு நடக்க வந்த மனுசன் இந்த அநியாயத்தைப் பொறுக்கமாட்டாமல் உள்ளே புகுந்தார். யாரும் கேட்காமலே கோச் ஆகிவிட்டார். எல்லா வழியையும் அடைத்து ஒன்றும் நடக்கவிடாமல் செய்வதுதான் அவருடைய பந்தாட்டம். ஹர்த்தால் என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது?

கதிரையை எங்கள் கோல் கம்பத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். மற்றப் பக்கம் இடி விழுந்தாலும் திரும்பமாட்டார். "எதிராளி தண்ணி குடிக்கப் போனா நீயும் போ. அவன்ர மனுசி கூப்பிட்டாலும் நீயும் போ."

ஒரு வருடம் தமிழ்க் கழகங்களின் பந்தாட்டப் போட்டியில் எனக்கு ஏழரை பிடித்தது. எதிரணியின் முன்வரிசையில், மல்கிரேவ் பக்கம் குடியிருக்கும் செல்வராஜ் அங்கிள். மலேசியாக்காரர், பல் டாக்டர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய மகள் மாலதியைத்தான் நான் விரும்பியிருந்தேன். அடுத்த ஞாயிறு அம்மாவும் அப்பாவும் என்னோடு பெண் கேட்டுப் போக இருந்தார்கள். அங்கிள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அவரை மறிக்க ஹர்த்தால் நிறுத்தியது என்னை.

"கோச், அவர் நான் கட்டப்போறவளின்ர அப்பா!"

"நல்லது. அப்ப ஆளை உனக்கு நல்லாத் தெரியும்."

எங்கள் கோல் காப்பாளன் சிவா காதுக்குள் சொன்னான்: "மச்சான், மனுசனுக்கு ஒரு கோல் குடு. கலியாணம் சரி."

அங்கிள் தொப்பை குலுங்க வந்தார். "வாங்கோ அங்கிள்" என்று சொல்லாத குறையாக விலகி நின்றேன். சிவாவும் தன் பங்குக்கு மற்றப் பக்கம் பாய்ந்தான். கோல்! அங்கிள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினார்.

இடைவேளையில் ஹர்த்தால் என் சட்டையைப் பிடித்தார். "அந்த மனுசனைக் கேவலப்படுத்திப் போட்டாய். கிழவன் எண்டு நினைச்சனியோ?"

சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் விடவில்லை. அங்கிள் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தபோதும் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில், சத்தியமாகப் பந்தைத்தான் பறித்தேன். அங்கிள் சேற்றில் குப்புற விழுந்தார். அவர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். ஆட்டத்திலும் தோற்றோம். கலியாணமும் போச்சே என்று தலையில் கைவைத்துக்கொண்டு நான் இருக்க, ஹர்த்தால் வந்து என் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனார்!

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் நொண்டிக்கொண்டே கதவைத் திறந்தார். அம்மா பலகாரத் தட்டோடு பின்னால் நின்றார்.

"உங்க கோச் நேத்து வந்தாரு" என்றார் என்னைப் பார்த்து.

"மன்னிப்புக் கேட்டவரோ, அங்கிள்?"

"கேட்டாரு. என்னை விழ வச்சதுக்குன்னு நெனச்சேன். இல்லப்பா! நான் கோல் போட்டப்ப நீ வழி விட்டியாம், அதுக்கு மன்னிப்பாம்! ஒரு வாரமா கிளினிக் பூரா அந்தக் கோலைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தேன்!"

பாவி மனுசன், எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாரே!

அங்கிள் என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "போறப்ப இன்னொண்ணும் சொன்னாரு. இந்தப் பையன் யாருக்கும் வழி விடுறவன் இல்லையாம். உங்க மகளுக்காக மட்டும்தான் விட்டான்னாரு. நிக்கிறீங்களே, உள்ள வாங்க. மாலதி, டீ கொண்டாம்மா!"

அப்பாடா! அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

எங்கள் கலியாணப் படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் இறுகிய கோட்டோடு நிற்பார். யார் இவர் என்று யாராவது கேட்டால், நான் வாய் திறக்குமுன் மாலதி முந்திக்கொள்வாள்: "அவரு நம்ம வீட்டு ஆளு."