மழைப் பூதத்துக்கு நான் வைத்த பொட்டு

ஊரில் லீவு விட்டுக் கொண்டாடும் பண்டிகையை அமெரிக்காவில் இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே கொண்டாட வேண்டியிருக்கிறது. அப்படிக் களைத்துப்போனவன் கையில் குங்குமச் சிமிழைக் கொடுக்கவே கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என்னோடு சேர்ந்து பட்டது ஒரு ஜப்பானியப் பூதம்.

டல்லாஸ் பக்கம் காப்பெலில் எங்கள் வீடு. மகள் நிலா அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி, ஆளுக்கொரு பழைய விஷயத்தை ஆராய்ந்து மேடையேறிப் பேச வேண்டும். மற்ற பிள்ளைகள் ரயில், எண்ணெய்க் கிணறு என்று எடுத்துக்கொள்ள, இவள் ஒரு பழைய ஜப்பானியச் சிறுவர் காமிக்ஸை எடுத்தாள். குடை பிடித்தபடி தெருத்தெருவாக மழை விற்கும் ஒரு குட்டிப் பூதத்தின் கதை அது. அந்தப் பூதத்தின் நெற்றியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் மழை கொட்டும்.

அந்தப் பட்டன்தான் விவகாரமே. கதை முதலில் வந்தது ஒரு சிறுவர் மாத இதழில். பிறகு அதே இதழோடு இலவச இணைப்பாக மெல்லிய புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். இதழ் நின்றுபோய், கதை டிவி கார்ட்டூனானபோது, பொம்மை விற்க வசதியாக இருக்கட்டும் என்று நெற்றியில் பட்டனைச் சேர்த்தார்களாம். கார்ட்டூன் பிரபலமானதும் பழைய பக்கங்களிலும் பட்டனை வரைந்து மறுபதிப்புப் போட்டுவிட்டார்கள். ஆகவே கடையிலும் இணையத்திலும் கிடைக்கிற எல்லாப் பூதத்துக்கும் பட்டன் உண்டு. "பட்டன் இல்லாத பூதம் இருந்ததற்கு ஆதாரம் காட்டு, இல்லையென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடு" என்று டீச்சர் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் நிலாவின் பேச்சில் மிஞ்சுவது வணக்கமும் நன்றியும்தான்.

ஆதாரம் ஆபீஸில் என் டீமில் இருந்த கென்ஜியிடம் கிடைத்தது. அவருடைய அப்பா சிறுவயதில் வாங்கிய இலவச இணைப்பு, அசல் பிரதி. ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி அட்டை வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் தந்தவர், கண்காட்சிக்குத் தானும் வருவதாகச் சொன்னார். (புத்தகத்துக்குக் காவலாகத்தான் வந்தார் என்பது என் அனுமானம்.)

கண்காட்சிக்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. நிலா ஆர்கெஸ்ட்ரா பிராக்டிஸுக்குப் போயிருந்தாள். அவளுடைய அல்ஜீப்ரா புத்தகம், வயலின், லேப்டாப் எல்லாவற்றையும் பூஜையில் அடுக்கினேன். நாளைக்கு மேடையேறப்போகிற புத்தகம் மட்டும் மேஜையில் அநாதையாகக் கிடப்பதா?

"என்னங்க, அது அடுத்தவங்க பொருள். பொட்டு கிட்டு வெச்சிடாதீங்க" என்றாள் என் மனைவி வித்யா.

"எனக்குத் தெரியாதா? பின்னட்டையில ஓரமா, சின்னதா ஒண்ணு. யாருக்கும் தெரியாது."

ஒரு பக்கம் பளபளவென்று கலரில் பூதம் மிட்டாய் தின்றுகொண்டிருந்தது. நம் புத்தகங்களைத் திறக்க வைக்கிற மாதிரி வைத்தால் அதுதான் மேலே வந்தது. ஆக, முன்னட்டை அது. மறுபக்கம் மங்கலாக இரண்டே நிறத்தில் ஒரு பூதம், பக்கத்தில் நாலு எழுத்து. சந்தேகமே இல்லை, பின்னட்டை. காதில் ஆபீஸ் கால் ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாகத்தான் வைக்க நினைத்தேன். ஆனால் முகம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் நம் விரல் ஓரத்துக்கா போகும்? நேரே நெற்றிக்குப் போய்ச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இட்டுவிட்டது.

காலையில் புனர்பூஜை முடித்து, எடுக்கிற புத்தகத்தில் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்ற வழக்கப்படி அதையும் திறந்தேன். முதல் பக்கத்திலேயே பூதம் எல்லோருக்கும் கையசைத்து விடைபெற்றுக்கொண்டிருந்தது. முடிவைச் சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பிக்கிறார்கள் போலிருக்கிறது, ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான் என்று வியந்தேன். மிட்டாய்ப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி உறையில் போட்டு நிலாவிடம் கொடுத்தேன்.

ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும், மிட்டாய்ப் படம் பின்னட்டை விளம்பரம் என்பதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பள்ளி அரங்கத்தின் மூன்றாவது வரிசையில்.

கூட்டத்தைக் கண்டாலே வாய் திறக்காத பெண் அன்று அருமையாகப் பேசினாள். "ஒரிஜினல்ல பட்டனே இல்ல. லுக்!" என்று ஆங்கிலத்தில் முழங்கி, உறையிலிருந்து உருவிய புத்தகத்தைத் திருப்பி, திரையில் பெரிதாக்கிக் காட்டும் கேமராவுக்கு அடியில் வைத்தாள். திரையில் ஆளுயரத்துக்குப் பூதம் வந்தது. அதன் நெற்றியில் செக்கச்செவேலென்று, வட்டமாக, என் மோதிர விரல் அகலத்தில் ஒரு பட்டன்.

"ஸோ, தேர் இஸ் எ பட்டன்" என்றார் டீச்சர்.

நிலா திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பதின்மூன்று வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். அவள் உதடு துடித்ததைப் பார்த்தேன். எழுந்து நின்று, "தட் பட்டன் இஸ் மைன்" என்றேன். பிறகு சரஸ்வதி யார், புத்தகத்துக்கு ஏன் பொட்டு என்று டெக்சஸ் பெற்றோர்களுக்கு விளக்கினேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் நிலாவுடையது.

கடைசியில் கென்ஜி மேடைக்குப் போய், புத்தகத்தை முகர்ந்து சந்தன வாசனையை உறுதி செய்துகொண்டு, தான் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் பூதத்துக்குப் பட்டன் கிடையாது என்று சாட்சி சொன்னார். டீச்சர் ஒப்புக்கொண்டார். பட்டன் பகுதி தப்பியது, பரிசு தப்பிப் போனது. நான் கர்சீப்பை நீட்டியபோது கென்ஜி என் கையைப் பிடித்துத் தடுத்தார். மட்டமான பழைய காகிதம், துடைத்தால் பூதமே போய்விடும் என்றார்.

காரில் நிலா ஒரே வாக்கியம்தான் பேசினாள். "யூ ஹேட் ஒன் ஜாப், அப்பா. டு நத்திங்."

திங்கட்கிழமை கென்ஜியின் மேஜைக்குப் போய் நின்றேன். ஜப்பானிலிருக்கும் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டதாகவும், அவர் "பட்டனை அமுக்கினார்களே, மழை பெய்ததா?" என்று கேட்டதாகவும் சொன்னார். கென்ஜி அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா, சலித்துக்கொண்டு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அவர் எனக்கு ஒரு பேனாகூட இரவல் தந்ததில்லை.

நிலா இப்போது ஆஸ்டினில் காலேஜில் படிக்கிறாள். சரஸ்வதி பூஜையன்று தவறாமல் வீடியோ காலில் வருவாள். வந்ததும் முதல் கேள்வி அம்மாவிடம்: "வேர் இஸ் அப்பா? ஆஸ்க் ஹிம் டு ஷோ ஹிஸ் ஹேண்ட்ஸ்."

நானும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறேன். விரல் விரலாகப் பார்த்து முடித்த பிறகுதான் எனக்குப் பூஜை வாழ்த்து வருகிறது.