நிறுவுவதற்கு முன் கவனிக்கவும்

சொல்லிவிட்டவர் என்றோர் இனம் உண்டு. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மேல்தொட்டி நிரம்பி, வழிந்து, மூன்று வீட்டு வாசலை நனைத்துக்கொண்டிருக்கும்போது, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ‘தண்ணி வழியுதுங்க’ என்று குடியிருப்பு வாட்ஸப் குழுவில் தட்டிக்கொண்டிருப்பாரே, அவர்தான். சுவிட்சை அவரே அணைக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். அவர் சொல்லிவிட்டார்.

நல்ல மாதிரி வேண்டுமானால் திருமுல்லைவாயில் அலெக்ஸைப் பாருங்கள். வீட்டு மாடிப்படியில் ஒரு படி உடைந்தபோது, கொஞ்சம் சிமெண்ட் குழைத்துப் பூசாமல், ‘இந்தப் படி உடைந்துள்ளது, கவனம்’ என்று கணினியில் அடித்து, அச்செடுத்து, லேமினேட் செய்து, அம்புக்குறி வைத்து ஒட்டியவன். தடுக்கி விழுந்தவர்களுக்கு அந்த அம்புக்குறியைக் காட்டினான்.

பிழைப்பும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம், கோயில்களிலும் பள்ளிகளிலும் மணியடிக்க, அறிவிப்பு ஒலிபரப்ப, ஒரு மென்பொருள் செய்கிறது. அதை வாடிக்கையாளரின் கணினியில் இறங்கும்படி மூட்டை கட்டுவது அலெக்ஸ். மூட்டைக்குள் இரண்டு சாமான் கூட இருக்கும். ஒன்று நிறுவல் ஸ்கிரிப்ட். வாய் பேசாது; பழையதை அகற்றும், புதியதை இறக்கும். மற்றது செய்திக் கோப்பு. எல்லாம் முடிந்தபின் திரையில் வந்து நின்று பேசும். வீடு மாற்றும்போது பீரோவைத் தூக்குபவர் ஒருவர், வாசலில் நின்று ‘பாத்து, பாத்து’ என்பவர் ஒருவர் இல்லையா?

அலெக்ஸ் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டுமா? அவன் எழுதும் ஸ்கிரிப்ட் உள்ளங்கையில் அடங்கும். செய்திக் கோப்பு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

இந்த முறை புதிய பதிப்பில் இயந்திரக் குரல்கள் வந்தன. ஸ்கிரிப்ட் பழைய குரல்களைத் துடைத்துவிட்டு இவற்றை வைக்கும். பக்கத்து மேசை லோகேஷ் எட்டிப் பார்த்தான்.

“மச்சான், பழைய குரலை ஓரமா ஒரு காப்பி எடுத்து வைக்கிற மாதிரி ஸ்கிரிப்ட்ல ஒரு வரி போட்டுடேன்.”

“மெசேஜ்ல போட்டிருக்கேன். பெரிய எழுத்துல.”

“இன்னான்னு?”

“‘நிறுவுவதற்கு முன், பழைய ஒலிக்கோப்புகளைப் பத்திரப்படுத்தவும்.’”

“மெசேஜ் எப்ப வரும்?”

“நிறுவி முடிச்சதும்.”

“ஊடு பத்திக்கினு எரிஞ்சு முடிஞ்ச பொறவு, வந்து ‘நெருப்பு ஜாக்கிரதை’ன்னு போர்டு மாட்டுவ மச்சான் நீ.”

“படிச்சவங்க அடுத்த வாட்டி உஷாரா இருப்பாங்கல்ல,” என்றான் அலெக்ஸ். மூட்டை எல்லா வாடிக்கையாளருக்கும் போனது.

அதில் ஒன்று திருமுல்லைவாயில் மாதா கோயில். அங்கே அறிவிப்புகள் அலெக்ஸின் அப்பா டேவிட்டின் குரலில் ஒலித்துக்கொண்டிருந்தன. அவர் அந்தக் கோயிலின் உபதேசியார், ஃபாதருக்கு வலக்கை. “பூசை தொடங்கப் போகிறது. செல்போனை அணைத்து வையுங்கள்” என்று எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, கடைசியில் தன் கணக்கில் “அணைச்சாச்சா?” என்றும் கேட்டிருந்தார். யாரும் அணைப்பதில்லை. அவருக்கும் தெரியும். அதனால் ஒலிபெருக்கியில் குரல் ஓடும்போதே பெஞ்சு பெஞ்சாக நடந்துவந்து, அடிக்கிற போனுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். அணைக்கும்வரை நகரமாட்டார். சொல்வது, செய்வது இரண்டும் அவரிடம் இருந்தன. மகனுக்கு வந்தது முதல் பாதி.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். அதிலிருந்து அம்மா ஆரோக்கியம்மாள் ஒரு நாள் பூசைகூட விடுவதில்லை. அவள் வருவது பூசைக்காக மட்டுமல்ல, அவர் குரலுக்காகவும்தான் என்பது ஃபாதருக்கும் தெரியும். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. இது அலெக்ஸுக்குத் தெரியாதா? தெரியும். ‘அப்பா குரலைக் காப்பி எடுக்க வேண்டும்’ என்று போனில் நினைவூட்டலே போட்டிருந்தான். அது தினமும் காலையில் தலைகாட்டும். தினமும் விரலால் தள்ளிவிடுவான். தனக்கும் சொல்லிவிட்டான் அல்லவா.

ஒரு பிற்பகல் கோயில் அலுவலகத்திலிருந்து யுவராணி கூப்பிட்டாள்.

“அண்ணா, புதுசை இறக்கிட்டேன். இன்னாண்ணா, எல்லாம் முடிச்சிட்டு ‘நிறுவுவதற்கு முன்’னு சொல்லுது?”

“பழைய ஃபைல் எதையாச்சும் எடுத்து வச்சியா?”

“இப்பதானே எடுத்து வைன்னு சொல்லுது. எடுக்கவா?”

“இப்ப அங்க ஒண்ணும் இருக்காது.”

“அதான் நானும் பாத்தேன்.” அவள் குரல் இறங்கியது. “உபதேசியார் குரலும் அதுலதானேண்ணா இருந்துச்சு?”

கோயிலுக்குக் கிளம்பிய அலெக்ஸ், எஸ்டேட் வாசலில் வண்டியை நிறுத்தி அம்மாவுக்குத் தட்டினான்: ‘இன்று முதல் கோயிலில் அப்பா குரல் வராது. வேறு குரல் வரும். வருத்தப்பட வேண்டாம்.’ எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தான். அனுப்பினான்.

பிறகு கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்து, அழிந்த கோப்புகளை மீட்பதற்கு என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் ஓட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா பீடத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தாள். எதுவும் திரும்பவில்லை. ஸ்கிரிப்ட் சுத்தமாக வேலை செய்திருந்தது. நன்றாக எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்.

மணி அடித்தது. “அன்பான இறைமக்களே, தங்கள் கைப்பேசிகளை அமைதி நிலையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்,” என்றது ஒரு பெண் குரல். அலெக்ஸ் உள்ளே போனான். முன்பெஞ்சிலிருந்து அம்மா திரும்பினாள்.

“யார்ரா அந்தப் பொம்பள?”

“புதுக் குரல்மா. மத்தியானமே மெசேஜ் அனுப்பினேனே, பாக்கலையா?”

ஆரோக்கியம்மாள் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். திரை கறுப்பாக இருந்தது.

“கோயிலுக்குள்ள வந்தா அணைச்சிடுவேன்டா. உங்கப்பாதான் கேப்பாரே, அணைச்சாச்சான்னு.”

பின்வரிசையில் யாருடைய போனோ அடித்தது. அலெக்ஸ் நடந்துபோய் அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்றான். அணைக்கும்வரை நின்றான். அவனுக்கு அது புதிது.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். இருமல் நிற்காத ஒருவருக்கு ‘டாக்டரைப் பாருங்க’ என்று செய்தி அனுப்பிவிட்டு, நீல டிக் வந்ததும் நிம்மதியாக வேறு வேலை பார்த்ததில்லையே? பார்த்திருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள்.

நான் சொல்லிவிட்டேன்.