ஏழாவது கவர்

பெரியவளே, சின்னவனே, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் பைகளை எண்ணுகிறேன். வீட்டைப் பூட்டும்போது செருப்புகளை எண்ணுகிறேன். நீங்கள் இரண்டே பேர்தான் என்று நன்றாகத் தெரிந்தும் திருவிழாக் கூட்டத்தில் உங்களையும் விரல் நீட்டி எண்ணுகிறேன். "அப்பாவுக்கு எண்ணற வியாதி" என்று சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வியாதி எனக்கு யாரிடமிருந்து தொற்றியது என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஓடிய அத்தனை வண்டிகளையும் காக்க வைத்த ஒரே மனிதர் அவர்தான். கல்யாண மாப்பிள்ளை, கான்ட்ராக்டர், போலீஸ்காரர் என்று அவருக்கு எந்த வித்தியாசமும் கிடையாது. குடிகாடு தாண்டி ரோட்டோரம் அவருடைய வாட்டர் வாஷ் கடை. இன்ஜின் கழுவ அவரை விட்டால் ஆள் இல்லை என்று டிரைவர்கள் எல்லோரும் சொல்வோம். அவரைத் திட்டாத டிரைவரும் கிடையாது. பெயர்ப்பலகை இல்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கே அவர் 'ஆறட்டும் மாமா'.

வண்டி போய் நின்றதும் பானட்டைத் தூக்குவார். புறங்கையை இன்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துச் சொட்டுவார். அது 'சுர்' என்றால் போய் மூடி போட்ட தண்ணீர் டிரம்மின்மேல் உட்கார்ந்துவிடுவார்.

"மாமா, எப்ப ஆரம்பிக்கறது?"

"ஆறட்டும்."

"அவசரம் மாமா!"

"இரும்புக்குத் தெரியுமா ஒன் அவசரம்? கொதிக்கிற இன்ஜின் மேல பச்சத்தண்ணி பட்டா வெடிப்பு வுட்டுடும் மச்சான். ஆறட்டும்."

ஒருமுறை ஒரு கட்சிக்காரர் கொடி கட்டிய வண்டியில் வந்து இறங்கி, "யோவ், நான் யாருன்னு தெரியுமா?" என்று கத்தினார். மாமா பானட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தார். "வண்டியவிட நீங்க ஜாஸ்தி சூடா இருக்கீங்க. ரெண்டும் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு டிரம்மின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். கட்சிக்காரர் பக்கத்து டீக்கடையில் மூன்று டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்த டீக்கடை அக்காவுக்கும் மாமாவுக்கும் தினமும் சண்டை. மாமா டீயையும் ஆறவைத்துத்தான் குடிப்பார். "நான் நொர பொங்க ஆத்திக் குடுக்கறேன். இந்தாளு அதுல ஆட கட்டுனப்புறம் குடிக்கறான். இதுக்கு எதுக்கு நான் அடுப்பு பத்த வைக்கணும்?" என்று அக்கா ரோட்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லும்.

மற்ற கடைகளில் இன்ஜின் கழுவ மண்ணெண்ணெயைப் பீய்ச்சுவார்கள். மாமா கடையில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. ஒரு லாரி டிரைவர் யோசனை சொன்னபோது, "அடிச்சிக்க. ஆனா இங்கேர்ந்து நாலு கிலோமீட்டர் தள்ளிப் போயி ஸ்டார்ட் பண்ணு. பத்திகிச்சின்னா கருவறதுக்கு எனக்கு மீச இருக்கு" என்றார். அவருக்கு எல்லாமே சோப்புத்தூள் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும்தான். சக்கரத்துக்கு மட்டும் மோட்டார் வைத்து வேகமாகத் தண்ணீர் அடிப்பார். இன்ஜினுக்குப் பச்சை நிறப் பூவாளி. செடிக்கு ஊற்றுவோமே, அதே பூவாளி. "இது கொழந்த மாதிரி. தலைக்கு ஊத்தறாப்ல ஊத்தணும்" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஏழு கவர்கள். தண்ணீர் படக்கூடாத இடங்கள் இன்ஜினில் ஏழு என்பது அவருடைய கணக்கு. காற்று உறிஞ்சுகிற வாய், பேட்டரி, ஃபியூஸ் டப்பா, பேட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போடுவார். பேட்டரிக்கு உர மூட்டைக் கவர். ஆல்டர்னேட்டருக்கு ஸ்வீட் கடைக் கவர். கடைசியாக, ஏழாவதாக, பிரேக் ஆயில் டப்பாவுக்குச் சிவப்பு எழுத்துப் போட்ட பட்டுப்புடவைக் கடைக் கவர். ஒன்று இன்னொன்றின் இடத்துக்குப் போகாது. கட்டும்போது சத்தமாக ஏழு எண்ணுவார். கழுவி முடித்துக் கழற்றிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டும்போதும் ஏழு எண்ணுவார். அப்புறம்தான் சாவி நம் கைக்கு வரும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். பெரியவளே, நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். சின்னவன் பிறக்கவில்லை. நான் ஒரு முதலாளியின் டீசல் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். வாடகை வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று ஆய்வாளர் பார்த்து எஃப்.சி. கொடுக்க வேண்டும். அதற்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். இரண்டு நாள் முன்பு சிதம்பரத்துக்குப் போனபோது ஆய்வாளர் பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இன்ஜின் நம்பர் எங்கய்யா? ஒரே அழுக்கு. கழுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "இன்னிக்கு எஃப்.சி. ஆவலன்னா வண்டிய வித்துடறேன். நீ வேற எடம் பாத்துக்க." எனக்கு வேறு இடம் என்று ஒன்று இல்லை.

ஒன்பது மணிக்குக் கடையில் வண்டியை நிறுத்தினேன். ஒரு மணிக்குள் சிதம்பரத்தில் இருக்க வேண்டும். மாமா புறங்கையை நீட்டினார்.

"ஆறட்டும்."

பத்து மணி வரைக்கும் ஆறியது. நான் மட்டும் ஆறவில்லை. டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். என் அவஸ்தை தாங்காமல் மாமாவே, "சரி, நீயும் ஒரு கை குடு. நான் ஆறு கட்டிட்டேன். அந்த ஏழாவத நீ கட்டு" என்று பட்டுப்புடவைக் கடைக் கவரை என்னிடம் நீட்டிவிட்டுப் பூவாளியில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியிடமிருந்து போன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். ஒரு கையில் கவர். இன்னொரு கையில் ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸ் பேப்பரும். மாமா பூவாளியில் பிடித்த தண்ணீர் சிதறி என் பக்கம் வந்தது. பேப்பர் நனைந்துவிடுமே என்று கையிலிருந்த கவருக்குள் அவற்றைச் சொருகி டிரைவர் சீட்டில் போட்டேன்.

"கட்டிட்டியா மச்சான்?"

"ஆச்சி மாமா."

முதலாளிக்குச் சொன்ன "ஆச்சி"யா, மாமாவுக்குச் சொன்ன "ஆச்சி"யா என்று எனக்கே தெரியாது. பிரேக் ஆயில் டப்பா கவர் இல்லாமல் நிற்பதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு இன்ஜின் பளபளவென்று இருந்தது. துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். கவர்களைக் கழற்றிக் கொடியில் மாட்ட ஆரம்பித்தார்.

"நாலு... அஞ்சு... ஆறு." கை அப்படியே நின்றது. "ஆறு" என்றார் மறுபடியும்.

டீக்கடை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், இன்னும் இன்னாய்யா ஆறணும்? இன்ஜின் சில்லுன்னு கெடக்குது!"

"அந்த ஆறு இல்ல. எண்ணிக்க ஆறு. ஏழாவது எங்க?"

அக்கா சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போனா போவுது வுடு மாமா. ஒரு கவரு."

"உள்ள இருந்தா? காத்து போற வாய்ல சிக்குச்சின்னா நடு ரோட்டுல மூச்சு முட்டி நிக்கும். பொகக் கொழா மேல வுழுந்தா பத்திக்கும். வண்டில நீ இருப்ப. அத உள்ள வெச்சிகினு நான் சாவி தரமாட்டேன்."

சாவி அவர் மடியில். பேட்டரி வயரும் கழற்றியபடி கிடக்கிறது. மாமா ஸ்பேனரை எடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்ற ஆரம்பித்தார். பதினொன்று பத்து. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். பதினொன்று இருபது.  அப்போது நான் சொன்னதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

"ஒரு கேரி பேக்குக்காவ என் பொழப்புல மண்ணப் போடறியே! ஒனக்குப் பைத்தியம்னு ஊரே சொல்லுது. சரியாத்தான் சொல்லுது!"

அக்கா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டது. வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது.

மறுபடியும் முதலாளி போன். "இன்சூரன்ஸ் என்னிக்கு முடியுது, தேதியப் பாத்துச் சொல்லு." சீட்டில் கிடந்த பேப்பரை எடுத்தேன். அதற்குமேல் சிவப்பு எழுத்து. பட்டுப்புடவைக் கடை.

போனில் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டே இரண்டு வார்த்தை, "என்கிட்ட இருக்கு" என்று சொன்னால் போதும். பைத்தியம் என்று கத்திய வாயில் அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து முன்பக்கம் போனேன். குனிந்து கையை ரேடியேட்டருக்கு அடியில் விட்டேன்.

"மாமா! கெடச்சிடிச்சி! இங்க மாட்டிகினு இருந்திச்சி!"

மாமா வெளியே வந்தார். முதுகெல்லாம் சோப்பு நுரை. கன்னத்தில் கிரீஸ். கவரை வாங்கி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். நுனியைப் பிடித்து உதறினார். கொடியில் இருந்த ஆறு கவர்களும் சொட்டிக்கொண்டிருந்தன. இதிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. ஆர்.சி. புத்தக அளவுக்கு ஒரு மடிப்புத்தான் அதில் தெரிந்தது.

என்னை ஒரு தடவை பார்த்தார். "ஏழு" என்றார். கொடியில் மாட்டினார்.

பிறகு நேராகப் பிரேக் ஆயில் டப்பாவிடம் போய் மூடியைத் திறந்தார். ஊசி போடுகிற சிரிஞ்சால் உள்ளே இருந்த ஆயிலை முழுக்க உறிஞ்சி எடுத்தார். புது டின்னை உடைத்து ஊற்றினார்.  அந்த இடம் மூடப்படவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மூடி இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தால் பாதி வழியில் பிரேக் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அதான் கெடச்சிடிச்சே, இன்னும் இன்னாத்துக்குய்யா நோண்டற?" என்றது அக்கா.

"எனக்கு ஒரு டவுட்டு" என்றார் மாமா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "மச்சான், ஏறி உக்காரு. பிரேக்க அமுத்து. வுடு. அமுத்து."

அமுத்தினேன். ஸ்டீயரிங்குக்கு மேலே தலையைத் தூக்க முடியவில்லை. ஏர் ஃபில்டரைப் பூட்டினார். பேட்டரி வயரை மாட்டினார். பானட்டைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டார். மிச்ச ஈரமெல்லாம் ஆவியாகிப் போயிற்று. பானட்டை மூடினார். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம். அவர் வழக்கமான வார்த்தையைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பது என்று முடிவே பண்ணியிருந்தேன்.

மாமா ஜன்னல் வழியாகக் கையை விட்டார். இன்ஜினைத் தொட்டுப் பார்க்கிற அதே புறங்கையை என் தோளில் ஒரு நொடி வைத்தார்.

"ஆறிடிச்சி. கெளம்பு மச்சான். மெதுவா போ."

'ஆறிடிச்சி' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அதுவரைக்கும் நான் கேட்டதில்லை.

புதுச்சத்திரம் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் பிரேக்கை அமுத்திப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் கடவுளே கடவுளே என்று ஊர்ந்தேன். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆய்வாளர் டார்ச் அடித்து இன்ஜின் நம்பரை வாய்விட்டுப் படித்தார். ஓட்டச் சொல்லிப் பிரேக்கைப் பார்த்தார். "யாருய்யா கழுவுனது? நேத்து செஞ்ச இன்ஜின் மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி வண்டியை விற்கவில்லை. நாம் எல்லோரும் அந்தக் கையெழுத்தில்தான் இன்னும் ஐந்து வருஷம் சாப்பிட்டோம்.

அதற்கப்புறமும் நான் மாமாவிடம்தான் போனேன். ஆறு கவரை அவர் கட்டுவார். ஏழாவதை என் கையில் கொடுத்துவிட்டுப் பூவாளியில் தண்ணீர் பிடிக்கப் போவார். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதை ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நான் செய்த ஒன்றை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சிதம்பரத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால் கடையில் யாரும் இல்லை. டீக்கடையும் சாத்தியிருந்தது. பக்கத்து ஃபேக்டரி வாடை மட்டும் காற்றில் அடித்தது. பூவாளி கவிழ்ந்து கிடந்தது. கொடியில் ஏழு கவரும் காய்ந்து படபடத்துக்கொண்டிருந்தன.

சிவப்பு எழுத்துக் கவரைக் கிளிப்பிலிருந்து எடுத்தேன். டிரம்மில் முக்கி, ஒரு கை தண்ணீரை உள்ளேயே விட்டு, வாயை முடிச்சுப் போட்டு, அதே இடத்தில் மாட்டினேன். காலையில் அவர் வரும்வரை அது காயாது. நான் கட்டாமல் விட்டதை என் வாய்க்குப் பதில் அது ஒப்புக்கொள்ளட்டும்.

வண்டியில் ஏறுவதற்குமுன் ஒருமுறை நின்று, விரல் நீட்டி எண்ணினேன். ஏழு இருந்தது.