பதினொரு நிமிஷக் கடல்

முன்னேற்பாட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தாம்பரம் ஸ்டேஷனில் காலைப் பத்தரை ரயிலுக்கு எட்டு மணிக்கே வந்து, தன் கோச் நிற்கப்போகும் இடத்தை இரண்டு போர்ட்டர்களிடமும் ஒரு டீக்கடைக்காரரிடமும் விசாரித்து, அதற்கு நேராகச் சாமான்களை அடுக்கி வைத்து, ரயில் வந்ததும் கோச் எங்கோ தள்ளி நின்றுவிட, எல்லோருக்கும் பின்னால் மூச்சு வாங்க ஓடிக் கடைசி ஆளாக ஏறுகிறாரே, அவர்தான். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, குடை மூன்று, குளுக்கோஸ் பாக்கெட் இரண்டு, கட்டுப் போடும் துணி ஒரு சுருள், புலி எழுந்து நடக்கும் நேரம் குறித்த துண்டுச் சீட்டு ஒன்று, இவ்வளவும் தோளில் தொங்க, 'செவ்வாய்க்கிழமை விடுமுறை' என்ற பலகையை வாசலில் நின்று வாசிக்கிறாரே, அவரும் அதே இனம்தான்.

இந்த இனத்துக்கு மூன்று வாக்கியங்கள் போதும். "எதுக்கும் ஒரு தடவை செக் பண்ணிடுவோம்." "ரிஸ்க் எதுக்கு?" மூன்றாவது வாக்கியம் காரியம் கெட்ட பிறகு வருவது. "நான் அப்பவே சொன்னேன்."

அவர்களில் தேர்ந்த ஒருவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறார். பெயர் ஸ்ரீரங்கன். ஒரு தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை அவரை விட்டுவிட்டது, திட்டம் விடவில்லை. வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றுவதற்குக்கூட ஓர் அட்டவணை உண்டு.

அவருடைய மனைவி அபிதகுஜாம்பாள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். இருபத்தேழு வருஷம் எட்டாம் வகுப்புக்கு ஓதம் என்றால் என்ன, உயர் ஓதம் எது, தாழ் ஓதம் எது என்று கரும்பலகையில் நிலாவையும் பூமியையும் வரைந்து காட்டியவர். ஒரு நாள்கூடப் படகில் ஏறியதில்லை. அந்த அம்மாளுக்கு ஓர் ஆசை. கோவளத்தில் படகேறி, கரையை ஒட்டியே தெற்கே போய், மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரப் பயணம். இந்த ஆசையை அவர் வருஷக்கணக்கில் சொல்லிவந்தார், ஸ்ரீரங்கனும் "பார்க்கலாம்" என்று சொல்லிவந்தார். இப்போது மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமையில் இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆடுகிற படகில் ஏறுவதைப் பற்றி ஒரு வருஷத்துக்கு நினைக்கவே கூடாது, அதற்குப் பிறகும் பார்த்துத்தான் என்றார்.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி போயிட்டு வந்துடணும்" என்றார் அபிதகுஜாம்பாள்.

"போயிடலாம். பிளான் போட்டுடறேன்" என்றார் ஸ்ரீரங்கன். அந்தக் கடைசி வார்த்தையில்தான் வினையே இருந்தது.

கோவளத்தில் லாசரஸ் என்று ஒரு மீனவர். சொந்த ஃபைபர் படகு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் வைத்திருந்தார். ஸ்ரீரங்கன் அவரிடம் முதல் நாள் பேசியபோதே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

"காலைல ஆறு, ஆறரைக்கு வந்துடுங்க சார்" என்றார் லாசரஸ். "இப்போ கடலு தட்டாட்டம் கீது. பத்து மணிக்கு மேல காத்து ஏறும். அதுக்குள்ள போய் எறங்கிடலாம்."

"அது சரி. டைடு?"

"இன்னா சார்?"

"ஓதம். தண்ணி ஏறுறது, இறங்குறது."

"அதுவா? நம்ம பக்கம் முட்டி அளவு ஏறும், முட்டி அளவு எறங்கும். அதுக்கு இன்னா இப்போ?"

ஸ்ரீரங்கன் போனை வைத்துவிட்டு, நோட்டில் 'நபருக்கு ஓத அறிவு போதாது' என்று எழுதிக்கொண்டார். அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த அறிவு என்கிறீர்களா? எங்கோ வடக்கத்திய சீமையில், கடல் மைல் கணக்கில் பின்வாங்கிப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும் ஒரு கரைக்காக யாரோ எழுதி வைத்த கையேட்டை அவர் இன்டர்நெட்டில் கண்டெடுத்து, நாற்பது பக்கம் பிரின்ட் எடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படித்திருந்தார். கோவளத்திலும் அப்படித் தண்ணீர் வடிந்து மனைவியோடு சேற்றில் உட்கார நேர்ந்தால்? ரிஸ்க் எதுக்கு?

ஆகவே நீர் இறங்கும்போது புறப்படக்கூடாது, ஏறும்போதுதான் புறப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்தது காற்று. போனில் வானிலை ஆப் நாலு இருந்தன. ஒன்று பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் என்றது, ஒன்று பதினெட்டு என்றது, மூன்றாவது ஒன்பது என்றது, நாலாவது பெரும்பாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. எதை நம்புவது? நாலையும் கூட்டி நாலால் வகுத்தார். காற்று இதற்குக் கட்டுப்பட்டதா என்பது வேறு கேள்வி.

இத்தோடு விட்டாரா? பஞ்சாங்கத்தை எடுத்தார். படகு முதலில் இறங்குவது கிழக்கே, கிழக்கே சூலம் திங்களும் சனியும், இரண்டும் போயின. பிறகு திரும்புவது தெற்கே, தெற்கே சூலம் வியாழன், அதுவும் போயிற்று. செவ்வாய் ஆகாது. ஞாயிறு கூட்டம். வெள்ளி, அவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த கிழமை. மிஞ்சியது புதன். புதன்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை எமகண்டம். அதற்கு முன்னால் போகலாமே என்றால், அப்போது நீர் இறங்குமுகம். ஒன்பதுக்கு மேல் போகலாமே என்றால், ஒன்பது பதினொன்றுக்குச் சராசரிக் காற்று அவர் போட்ட கோட்டைத் தாண்டுகிறது. எல்லாவற்றையும் லேப்டாப்பில் கட்டம் கட்டிப் பச்சையும் சிவப்புமாக நிரப்பியபோது, மாதத்தில் ஒன்று விட்டு ஒரு புதன்கிழமையில், ஒன்பதிலிருந்து ஒன்பது பதினொன்று வரை மட்டும் ஒரே ஒரு பச்சைக் கட்டம் மிஞ்சியது. வங்காள விரிகுடா பதினொரு நிமிஷத்துக்குத் திறந்திருக்கும்.

அபிதகுஜாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"கிளம்புறதுக்குப் பதினோரு நிமிஷம். சரி. அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் கடல்லதானே இருப்போம்? அப்ப இந்தக் காத்து என்ன பண்ணும்?"

"அது அடுத்த ஷீட்" என்றார் ஸ்ரீரங்கன்.

தை மாதத்து முதல் பச்சைப் புதன் வந்தது. அன்று காலை மூன்றாவது ஆப் நாற்பது சதவீதம் மழை என்று சொல்லிவிட்டது. பயணம் ரத்து. அன்று பகல் முழுவதும் ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பளம் காயப்போடலாம் போல் வெயில் அடித்தது. அந்த அம்மாள் அப்பளமே காயப்போட்டார்.

இரண்டாவது பச்சைப் புதன். புறப்பட்டுவிட்டார்கள். மாம்பாக்கம் வழி, வண்டலூர் வழி என்று இரண்டு பாதையும் நிமிஷக் கணக்கில் தயாராக இருந்தன. ஆனால் கேளம்பாக்கம் சந்திப்பில் ஒரு தண்ணி லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. லாரிக்கு எந்த ஷீட்டிலும் இடம் இல்லை. கோவளத்துக் கரையில் காரை நிறுத்தியபோது மணி ஒன்பது பதிமூன்று.

எதிரே கடல் அசையாமல் கிடந்தது. லாசரஸ் படகருகே நின்று கையாட்டினார். ஸ்ரீரங்கன் கார்க் கண்ணாடியை மட்டும் இறக்கி, "ரெண்டு நிமிஷம் லேட்டாயிடுச்சு, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றார்.

"இன்னாத்துக்கு சார் லேட்டு? கடல் எங்க போய்டப் போவுது?"

கார் திரும்பியது. வழி முழுவதும் அபிதகுஜாம்பாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கேளம்பாக்கம் தாண்டியபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்குப் பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா? இது பிளானிங்" என்றார் ஸ்ரீரங்கன். ஆனால் உண்மை அந்தக் கேள்வியில்தான் இருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. அந்த அம்மாளுக்கும் தெரியாது. நாற்பது வருஷமாக அடுத்த அறையில் கேட்டுவந்த ஒரு குரல் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவரிடம் ஷீட் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு காற்றின் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இந்த இனத்தில் பாதிப்பேர் அப்படித்தான்.

கடைசிப் பச்சைப் புதன், ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. இம்முறை லாரி, லெவல் கிராசிங், பஞ்சர், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரத்தை உபரியாக ஒதுக்கினார் ஸ்ரீரங்கன். விடியுமுன்பே வீட்டைப் பூட்டினார்கள். லாரி வரவில்லை, பஞ்சர் ஆகவில்லை, ஊர்வலத்துக்கும் அன்று வேறு வேலை இருந்தது போலும். ஒன்பது மணிப் படகுக்கு ஆறு பத்துக்கே கோவளத்தில் வந்து நின்றார்கள். லாசரஸ் முதல் தடவை பேசியபோதே வரச்சொன்ன அதே நேரம்.

"நாலாவது ஆப் மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார் ஸ்ரீரங்கன். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"பாருங்க. நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று அபிதகுஜாம்பாள் கைத்தடியை ஊன்றி இறங்கினார். முந்தின நாளே அவர் லாசரஸுக்குத் தனியாகப் போன் செய்திருந்தார் என்பது ஸ்ரீரங்கனுக்குத் தெரியாது.

ஆப் சுற்றி முடிந்து அவர் தலை நிமிர்ந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அந்த அம்மாளை உட்காரவைத்து, நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் படகுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் அவர் கழுத்துவரை மூழ்கியிருந்தார். ஸ்ரீரங்கன் செருப்போடு மணலில் ஓடினார்.

"அபிதா, தண்ணி இன்னும் இறங்கிக்கிட்டு இருக்கு."

"இறங்கட்டும். வர்றீங்களா?"

முழங்கால் நனையும்வரை தண்ணீருக்குள் போனார். அங்கே நின்றார். ஒரு கையில் போன், மறு கையில் நாற்பது பக்கம். படகு ஓர் அலையில் மூக்கைத் தூக்கி, இன்னோர் அலையில் இறங்கி, அப்பால் போய்விட்டது.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"இங்கேருந்து கரை முழுக்கத் தெரியுது" என்றார் அபிதகுஜாம்பாள். அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது. "சர்ச் தெரியுது. தென்னமரம் தெரியுது. தண்ணியில ஒரு புள்ளி நின்னுக்கிட்டு இருக்கு. நீங்கதானே?"

"காத்து எவ்வளவு இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்ரீரங்கன் அன்று ஓட்டிய வேகத்தை இங்கே எழுதினால் அவருக்கு மரியாதையாக இருக்காது. ஏழு மணிக்கெல்லாம் மகாபலிபுரத்துக் கரையில் நனைந்த பேன்ட்டோடு நின்றார். படகு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பழக்கத்தில் போனைத் திறந்தார். வேகம் இருந்தது, ஈரப்பதம் இருந்தது, நிலா உதிக்கும் நேரம் இருந்தது. நாலு ஆப்பிலும் அந்தப் படகு இல்லை. மூடிவிட்டுக் கடலையே பார்த்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் எதையும் பார்த்ததில்லை. வடக்கே எதையாவது கண்டால் நெஞ்சு அடித்துக்கொண்டது, அது வேறு படகாக இருந்தால் இன்னும் வேகமாக அடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்ரீரங்கன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

படகின் மூக்கு மணலில் செருகியது. அபிதகுஜாம்பாளின் முகமெல்லாம் உப்பு, அதற்கு மேல் சிரிப்பு.

"கோயிலைப் பார்த்தேன். கடலுக்குப் பக்கத்துல எவ்வளவு சின்னதா இருக்கு தெரியுமா?"

"சரி, மெதுவா இறங்கு. கார் அங்கே இருக்கு."

"இறங்கினா மறுபடி ஏற முடியாதுங்க. லாசரஸ் எப்படியும் கோவளத்துக்குத் திரும்பித்தானே ஆகணும்? நான் இப்படியே போறேன். பக்கத்துல இடம் இருக்கு."

"இன்னும் நேரம் கீது சார். காத்து ஏறல" என்றார் லாசரஸ்.

ஸ்ரீரங்கன் மணியைப் பார்த்தார். எட்டு பத்து. நட்டநடு எமகண்டம். நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. திசை வடக்கு, கிழமை புதன், சூலம் நேர் எதிரே. நாற்பது பக்கம் காரில் கிடந்தது. அவர் ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தார், லாசரஸ் பின்னாலிருந்து தள்ள, மூட்டை விழுவதுபோல் உள்ளே விழுந்து, தவழ்ந்து போய், நாற்காலிக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து நாற்காலிக் காலை விட்டுவிட்டு, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாதி வழி வந்திருப்பார்கள். வெயில் இதமாக இருந்தது, கரை அந்தப் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"லாசரஸ்" என்றார் ஸ்ரீரங்கன், "கோவளத்திலேருந்து மகாபலிபுரத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு? காரை எடுக்கணும்."

"வரும் சார்."

"வரும்னா எத்தனை மணிக்கு?"

அபிதகுஜாம்பாள் அவர் கையிலிருந்த போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கனைப் பார்த்துச் சிரித்தாயிற்றா? நல்லது. நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். வானம் தலைக்கு மேலேயே இருக்க, துணி காயப்போடுமுன் போனை எடுத்து மழை வருமா என்று பார்க்கிறீர்களே, அது வேறு விஷயம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படிக்க ஆரம்பிக்குமுன் கடைசிவரை ஒருமுறை தள்ளி, எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு வந்தீர்களே, அது எதற்கு?