சகலைக்கு நீட்டிய சூப்

மனைவியின் தங்கைக்கு வரன் பார்க்கும்போது ஊரையே கலந்து பேசுவார்கள். மூத்த மாப்பிள்ளைக்கு எப்படிப்பட்ட சகலை வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: என்னைவிடக் கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் சோம்பேறியாக, சாப்பாட்டைக் குறை சொல்கிறவனாக ஒருத்தன் போதும் என்று. எனக்கு வாய்த்தவரிடம் இதில் ஒன்றுகூட இல்லை. நாமகிரிப்பேட்டையில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நல்ல உயரம். கோழியைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவார்.

சைக்கிள் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்குத்தான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை நடத்துகிறேன். ஒருநாள் பாதி கட்டிய லாரியின் மேலிருந்து, பக்கத்திலேயே ஏணி இருந்தும், வாலிபன் என்ற நினைப்பில் குதித்தேன். முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன், பெல்ட், கட்டில். சைக்கிள் சும்மாதானே நிற்கிறது என்று சகலை கேட்டார். தூசி அடையாமல் இருக்கட்டும், எடுத்துப் போங்கள் என்று பெருந்தன்மையாகக் கொடுத்தேன். (புத்தி எங்கே போச்சோ!)

அப்புறம் நான் காலை நீட்டிப் படுத்தபடி செல்போனில் பார்த்ததெல்லாம் இதுதான்: என் சைக்கிளில் சகலை ஏற்காட்டில். என் சைக்கிளில் சகலை கொல்லிமலையில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி சிவப்பு இதயம் போட்டிருந்தாள். என் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த செய்திக்கு அவள் ஒரு கும்பிடுதான் போட்டிருந்தாள்.

அந்த நாட்களில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை ஆட்டுக்கால் சூப். முட்டி சீக்கிரம் கூட வேண்டும் என்று, பரமத்தி வேலூரிலிருந்து மாமியார் வாராவாரம் வைத்துக் கொடுத்தனுப்புவார். சகலையின் முட்டிகள் நன்றாக இருந்ததால் அவருக்குக் கிடையாது. அதனாலேயே கூடுதலாக ருசித்தது.

கால் தேறியதும், மெதுவாக ஓடலாம் என்றார் டாக்டர். (‘மெதுவாக’ என் காதில் விழவில்லை.) மோகனூரில் நடக்கும் ஒரு போட்டிக்குச் சகலை பெயர் கொடுத்திருந்தார். உடனே நானும் கொடுத்தேன். காவிரியில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். இதற்குப் பெயர் பாதி தூரமாம். முழுத் தூரம் போனால் நேராகச் சுடுகாட்டில்தான் முடியும் போலிருக்கிறது.

“ஏனுங்க, இது முட்டிக்காகவா, இல்ல அவருக்காகவா?” என்றாள் மனைவி.

முட்டிக்காக என்றேன். சகலைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அது நடக்காவிட்டால் முடிக்கவாவது வேண்டும். நான் கட்டிலோடு போனவன் இல்லை என்று அந்தக் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும்.

போட்டியன்று காலை ஆற்றங்கரையில் விதிமுறைகளை மைக்கில் படித்தார்கள். நான் கேட்கவில்லை. சகலையின் புது சைக்கிளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். என்னுடையதை அவர் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஆற்றில் எப்படியோ பிழைத்துக் கரையேறினேன். சைக்கிளில் ஏறியபின் முட்டி ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டவில்லை. பரமத்தி வேலூரை நெருங்கும்போது சகலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஒரு வாழைத்தோட்டத்தின் ஓரமாக மாமனாரின் காரும் மொத்தக் குடும்பமும் நின்றன. மாமியார் தூக்குப்போசியிலிருந்து டம்ளரில் எதையோ ஊற்றிச் சகலையிடம் நீட்டினார். ஆவி பறந்தது. ஆட்டுக்கால் சூப். என் சூப். இரண்டு முட்டியும் நன்றாக இருக்கிற மனிதனுக்கு!

அவர் வாங்கினாரா இல்லையா என்று பார்க்கும் நிதானம் எனக்கு இல்லை. நேராகப் போய் பிரேக் பிடித்தேன். சைக்கிளைச் சாய்த்து, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். சைக்கிள் பந்தயத்தின் நடுவில் மாப்பிள்ளை முறுக்கு காட்டியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாமனார் பதறிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். கால் வலிக்கிறதா என்று மாமியார் கேட்டார்.

“காலுக்கு ஒண்ணுமில்லீங்க அத்தை. எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சமிருந்தா எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க.”

ஊற்றினார். குடித்தேன். இரண்டாவது டம்ளரும் வாங்கி, எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னார்:

“அவருக்கெதுக்குங்க மாப்ள சூப்பு? சும்மா மருவாதைக்கு நீட்டுனேன். ‘வெளிய வாங்கிக் குடிச்சா ஆட்டத்த உட்டுத் தூக்கிருவாங்க, சகலைக்கும் குடுத்துராதீங்க, பாவம் அவரு முடிச்சாவோணும்’னு கத்திக்கிட்டே போனாருங்க. நீங்க எறங்கி ஒக்காந்துட்டீங்களா, கால் போயிருச்சுன்னுதான் ஊத்துனேன்.”

பைக்கில் வந்த நடுவர் நாற்காலியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், அந்த எலும்பக் கீழ வெச்சுட்டு நம்பரக் கழட்டிக் குடுங்க” என்றார்.

மிச்ச தூரத்தை மாமனார் காரில் கடந்தேன். முட்டி அப்போதும் வலிக்கவில்லை. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. போட்டியை முடித்த சகலை, கழுத்தில் மெடலோடு நேராக என்னிடம் வந்து, குனிந்து முட்டியைத் தொட்டு, ரொம்ப வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் மாமியார் நடந்ததையெல்லாம் குழுவில் பேசி அனுப்பிவிட்டார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை முகத்தைத் தூக்கினாலும் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. போன தீபாவளிக்கு, மனைவியின் சித்தப்பா மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை, எடுத்த துணி பிடிக்காமல் சாப்பிட வராமல் உட்கார்ந்திருந்தார். “மாப்ள சைக்கிள நிறுத்திட்டாரு, போய்க் கூட்டியாங்க” என்றார் மாமனார். வீடே சிரித்தது. என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. விஷயம் தெரியாத புது மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார்.

சகலை மட்டும் சிரிக்கவில்லை. எனக்காக முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை சிரித்துத் தொலைத்திருந்தால் அந்த மனிதரை நான் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.