அவுட்டே ஆகாத முதலாளி

காலில் பந்து வாங்கி அவுட் ஆவது சாமானியர்களின் விதி. அந்த விதி நெருங்க முடியாத மாமனிதர் ஒருவர் தெற்கு வேல்ஸில், பொண்ட்காரெக் ஊரில் வாழ்ந்தார். தகரத் தகட்டு ஆலையின் உரிமையாளர், பெரும் வியாபாரி, கிரிக்கெட் அணித் தலைவர்: எலிஸ் ப்ரொதரோ.

இதற்குச் சாட்சி ஹாப்கின். வேலை நாட்களில் ஆலை மேஸ்திரி. ஆண்டுதோறும் முதலாளி அணிக்கும் தொழிலாளர் அணிக்கும் நடக்கும் ஆட்டத்தில் அம்பயர். பந்து எத்தனையோ தடவை முதலாளியின் காலில் நேராகவே பட்டிருக்கிறது. ஆனால் எதிரணி ‘ஹவ்சாட்’ என்று கேட்காமல் அம்பயர் விரலைத் தூக்கக் கூடாது என்பது புனிதமான விதி. தொழிலாளர்களோ பண்பாளர்கள். ஆலையும் முதலாளியுடையது, அவர்கள் குடியிருக்கும் வீடும் முதலாளியுடையது. யாரும் கேட்டதில்லை. ஹாப்கினும் விதியை மீறியதில்லை.

அந்த வருடம் ஆட்டம் நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

“ஹாப்கின், பிட்ச் நனையுதுய்யா. ஆலைக் கூரை மேல போட்டிருக்கிற தார்ப்பாயைக் கழட்டிட்டு வந்து மூடு.”

“கூரை ஒழுகுதுங்க முதலாளி. அதுக்கு நேர் கீழதான் ஈயம் கொதிக்கிற தொட்டி. ட்ரெவர் அங்கதான் நிக்கிறான்.”

“ட்ரெவர் நனைஞ்சா காஞ்சிடுவான். பிட்ச் காயுமா?”

இந்தத் தொலைநோக்குக்குப் பணிந்து ஹாப்கின் ஆலைக் கூரை மேல் ஏறினார். தம் கையாலேயே முடிச்சுகளை அவிழ்த்தார். பிட்ச் பிழைத்தது. தொட்டியில் மழைத்தண்ணீர் விழுந்து, ஈயம் தெறித்து, ட்ரெவருக்கு இடது கண் போயிற்று.

ப்ரொதரோ துடித்துப்போனார். சேப்பலில் முன்வரிசையில் நின்று, இரண்டு கண்களையும் மூடி ஜெபித்தார். அரசாங்கத்து ஆலை ஆய்வாளர் வந்தார். ‘விசாரணை’ முதலாளி வீட்டில் ஆட்டுக்கறி விருந்தோடு செவ்வனே நடந்தேறியது. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் ‘அலட்சியம்’ என்று முடிவாயிற்று. அலட்சியக்காரனுக்கு ஆலை வீடு எதற்கு? ட்ரெவர் குடும்பம் திங்கட்கிழமை காலி செய்ய வேண்டும். அதற்கு முன் சனிக்கிழமை ஆட்டம். ஆய்வாளர்தான் ‘கௌரவ விருந்தினர்’.

கண்ணில் கட்டோடு ட்ரெவர் ஆட வந்து நின்றான்.

“ஏன்டா, பேசாம வீட்ல கிடக்கலாம்ல?” என்றார் ஹாப்கின்.

“எந்த வீட்லண்ணே?”

ஹாப்கினுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஒரு பந்து தாழ்ந்து வந்து, நடுக்குச்சிக்கு நேராக முதலாளியின் காலில் பட்டது. தொழிலாளர் அணி வழக்கம்போல மேகத்தைப் பார்த்தது.

“ஹவ்சாட்?” எல்லைக்கோட்டிலிருந்து கேட்டது ட்ரெவரின் குரல்.

தம் வீடும் ஆலை வீடுதான் என்பது ஹாப்கினுக்கு ஞாபகம் வந்தது. முடிச்சை அவிழ்த்த அதே கையின் விரல் மேலே போயிற்று.

“ஒத்தைக் கண்ணு. அதுவும் அவ்வளவு தூரத்துல. அவனுக்கு என்னய்யா தெரியும்?” என்றார் ப்ரொதரோ, நின்ற இடத்தைவிட்டு நகராமல்.

“அவன் கேட்டான், அவ்வளவுதாங்க. பார்த்தது நான்.” ஹாப்கின், ஆய்வாளர் உட்கார்ந்திருந்த கூடாரம் வரை கேட்கும்படி குரலை உயர்த்தினார். “பந்தையும் பார்த்தேன். கூரையில தார்ப்பாய் இல்லாததையும் பார்த்தேன். நீங்க சொன்னீங்க, நான்தான் கழட்டினேன்.”

ஆய்வாளர் தேநீர்க் கோப்பையும் கையுமாக மைதானத்துக்குள் நடந்து வந்தார்.

“இதை ஏன்யா இத்தனை நாளா சொல்லலை?”

“நீங்க கேக்கலைங்களே ஐயா. கேக்காம சொல்லக் கூடாதுங்க. அதான் விதி.”

ஊரே கேட்டுவிட்டதால் அறிக்கையைத் திருத்தினார்கள். ‘அலட்சியம்’ அப்படியே இருந்தது. அது யாருடையது என்பது மட்டும் மாறியது; இப்போது அதுவும் முதலாளியுடையது. ட்ரெவர் வீட்டைக் காலி செய்யவில்லை.

பொண்ட்காரெக் ஊரின் ஒழுக்கத்தை மெச்சத்தான் வேண்டும். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, இத்தனை வருடத்தில் ஒரு விதிகூட மீறப்படவில்லை. சேதம் என்று பார்த்தால், ட்ரெவரின் ஒரு கண் மட்டும்தான்.